சிறுகையும் சிற்றிலும்



'இலக்கியத்தில் இல்லறம்' என்னும் தலைப்பை எனக்கு அளித்துள்ளார்கள். இல்லறம் என்றதும் தலைவன், தலைவி என்னும் இருவரோடு பேச்சை முடித்துக்கொள்வது நம் மேடை வழக்கம். நான் அவ்விருவரையும் சற்று விலக்கி வைத்துவிட்டு, அவர்தம் மக்களைப் பற்றிப் பேச விழைகிறேன். வீட்டு வேலையில் பிள்ளைகளுக்குரிய பங்கை நம் இலக்கியம் எங்கேனும் குறித்து வைத்திருக்கிறதா என்பதே என் வினா.

பெண்மக்களைப் பொறுத்தவரை நிறையவே குறித்து வைத்திருக்கிறது. குறிஞ்சித் தலைவி தினைப்புனத்தில் கிளி கடிகிறாள். நெய்தல் தலைவி வெயிலில் உணங்கும் மீனைப் பறவை கவராமல் காக்கிறாள். அகநானூற்றின் 60ஆம் பாட்டில் குடவாயிற் கீரத்தனார் ஓர் இளம்பெண்ணைக் காட்டுகிறார். அவள் தந்தை திமிலேறிக் கடலில் வலைவீசும் தொழிலினன். அவனுக்கு, உப்பு விற்ற விலையாய் வந்த நெல்லின் சோற்றில், அயிலை மீன் இட்ட புளிக்குழம்பை ஊற்றி, கொழுமீன் துண்டத்தோடு அவள் கொடுக்கிறாள். உப்பு நெல்லாகி, நெல் சோறாகி, சோறு தந்தையின் கைக்கு வருகிறது. ஒரு பரதவர் குடியின் பொருளியல் முழுவதும் அப்பெண்ணின் கைவழியே நடக்கிறது. நாமோ இவற்றையெல்லாம் வகுப்பறையில் 'பின்னணி' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். தினைப்புனத்தைக் காதலர் சந்திக்கும் களம் என்று குறிப்பெழுதச் செய்கிறோம். அது ஒரு பெண்பிள்ளை தன் வீட்டுக்காக வேலை பார்த்த இடம் என்று தேர்வில் எழுதிய மாணவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

ஆண்மக்களுக்கு வருவோம். புறநானூற்றின் 312ஆம் பாட்டு உங்கள் அனைவர்க்கும் மனப்பாடம். பொன்முடியார் அதில் ஐவர்க்குரிய கடன்களை வகுக்கிறார். பெற்று வளர்ப்பது தாயின் கடன். தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் தனித்தனிக் கடன்கள் உண்டு. மகனின் கடன் போர்க்களத்தில் களிற்றை வீழ்த்தி மீள்வது. வீட்டு வாயிலுக்கும் போர்க்களத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் அவனுக்கு ஒரு கடனும் சொல்லப்படவில்லை. ஒரு குடம் தண்ணீர்கூட அவன் பெயரில் இல்லை. அது மறக்குடிப் பாட்டு. அக்காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். யானைப்போர் ஒழிந்து நெடுங்காலம் ஆயிற்று. ஒழிந்த அந்தக் கடனுக்கு ஈடாக வேறொன்றை அவன் பெயரில் எழுத நாம் மறந்துவிட்டோம் என்பதே என் முறையீடு.

இதைவிடத் தெளிவான சான்று பிள்ளைத்தமிழில் இருக்கிறது. பத்துப் பருவங்களில் முதல் ஏழும் இருபாலார்க்கும் பொது. இறுதி மூன்றில் வழி பிரிகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, கழங்கு, நீராடல், ஊசல் போன்றவை இடம்பெறும். ஆண்பாலுக்குச் சிறுபறை, சிறுதேர், சிற்றில். இந்தச் சிற்றிலில் ஒரு கணம் நில்லுங்கள். மணலில் சிறுவீடு கட்டுவதும் சிறுசோறு ஆக்குவதும் சிறுமியர். அதைக் காலால் எற்றி அழிப்பது சிறுவன். 'எங்கள் சிற்றில் சிதையேல்' எனச் சிறுமியர் கெஞ்சுவது ஆண்பிள்ளையின் பருவமாகப் பாடப்படுகிறது! அவள் வீடு கட்டுவதும் விளையாட்டு, அவன் அதை இடிப்பதும் விளையாட்டு. ஆனால் அவள் விளையாட்டு பின்னாளில் வேலையாகிவிடுகிறது. அவனுடையது எதுவாகிறது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சொல்லட்டும். கவித்துவத்தில் அப்பருவப் பாடல்களுக்கு நிகரில்லை. அவற்றைப் பாடஞ்சொல்லும் போதெல்லாம் நானும் உருகத்தான் செய்கிறேன். உருகிய பிறகும் இக்கேள்வி எஞ்சுகிறது.

பிள்ளையின் கையை நம் புலவர்கள் எவ்வளவு நேசித்தார்கள்! வள்ளுவர்க்கு அச்சிறுகை துழாவிய கூழ் அமிழ்தினும் இனிது. பாண்டியன் அறிவுடை நம்பிக்கோ, நெய்ச்சோற்றை அள்ளி மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்வு வாழ்வே அன்று. அந்தக் கை ஆண்கையா பெண்கையா என்று அவர்கள் பிரித்துக் காட்டவில்லை. பிரிவினை பிறகு வருகிறது. ஒரு நாள் ஒரு கை அகப்பையைப் பிடிக்க அழைக்கப்படுகிறது. மற்றொரு கை, 'நீ போய்ப் படி' என்று அடுக்களையிலிருந்து விலக்கப்படுகிறது. அந்த நாள் எது என்று எந்தப் புலவரும் பாடவில்லை.

நற்றிணை 110இல் போதனார் ஒரு வியப்பைப் பதிவு செய்கிறார். தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திச் செவிலியர் பின்தொடர, உண்ண மறுத்து ஓடிய சிறுமி, இன்று கணவன் வீட்டு வறுமையில் தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், வேளை தவறி உண்டு வாழ்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று வியக்கிறார்கள். குறுந்தொகை 167இல் கூடலூர் கிழாரின் தலைவி தயிர் பிசைந்த விரலை உடுத்த ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே துழாவிய குழம்பைக் கணவனுக்குப் படைக்கிறாள். செவிலி அதைக் கண்டுவந்து நற்றாயிடம் பூரிப்போடு சொல்கிறாள். மகளைப் பற்றித் தாய்மார் வியக்கவும் பூரிக்கவும் பாட்டு உண்டு. 'என் மகன் எங்கே கற்றான் இப்படிக் குழம்பு துழாவ' என்று பூரிக்கும் ஒரு நற்றாய் நம் அக இலக்கியத்தில் என் கண்ணுக்குத் தென்படவில்லை. தென்பட்டவர்கள் சொன்னால் மகிழ்வேன்.

ஒருமுறை என் வகுப்பில் மாணவ மாணவியரிடம், வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். பெண்கள் 'பாத்திரம் துலக்குவேன், தண்ணீர் பிடிப்பேன், தம்பிக்குத் தலைவாரி விடுவேன்' என்று வினைகளைச் சொன்னார்கள். ஆண்கள் பெரும்பாலோர் 'அம்மாவுக்கு உதவி செய்வேன்' என்றார்கள். அந்த 'உதவி' என்னும் சொல்லை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். உதவி என்றாலே வேலை வேறொருவருடையது என்று பொருள். அதற்கு நன்றி எதிர்பார்க்கலாம். விரும்பாத நாளில் நிறுத்தியும் விடலாம். 'சொல்லியிருந்தால் செய்திருப்பேனே' என்று மகன் சொல்கிறான். உப்பு தீரப்போகிறது, பாட்டிக்கு மாத்திரை வாங்க வேண்டும், மழை வருகிறது, கொடித்துணியை எடுக்க வேண்டும் என்று நாள் முழுதும் நினைவில் வைத்திருந்து சொல்வதும் ஒரு வேலைதான். கையை அசைக்காமல் செய்வதால் அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

2019இல் நடுவண் அரசு நாடெங்கும் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஆறு வயது முதலே மக்களை எண்ணியது. ஊதியமில்லா வீட்டுப்பணிகளில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்பாலார் 100க்கு 81 பேர். ஆண்பாலார் 26 பேர். ஈடுபட்டவர்கள் செலவிட்ட நேரம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டபோது, உதவித் தொகை என்னாமல் உரிமைத் தொகை என்றதை நான் ஒரு மொழி ஆசிரியையாக வரவேற்றேன். அச்சொல் மாற்றம் வீட்டு வாயிற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை என்பதே என் மனக்குறை.

இதற்காகப் பிள்ளைகள்மேல் பாரம் ஏற்றுக என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளவென்று வீட்டில் நிறுத்தப்பட்டுப் படிப்பை இழந்த பெண்பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம். அவள் தோளில் கிடக்கும் பாதியை அவள் அண்ணன் தோளுக்கும் தந்தை தோளுக்கும் மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். தந்தை தட்டைக் கழுவி வைக்கும் வீட்டில் மகனுக்கு இதைத் தனியே உபதேசிக்க வேண்டியிராது.

கவிஞர்களிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பாவேந்தர் 1940களில் வெளிவரத் தொடங்கிய 'குடும்ப விளக்'கில், வைகறை முதல் இரவு வரை ஓயாத தலைவியைப் பாடினார். சமையற்பணியைப் பெண்ணுக்கே உரியதென்று ஒதுக்கும் வழக்கத்தை அதே நூலில் மறுக்கவும் செய்தார். நாம் முதலாவதை எடுத்துக்கொண்டோம்; இரண்டாவதை மேற்கோளாக மட்டும் வைத்துக்கொண்டோம். நம் கவியரங்குகளில் அம்மாவைப் பற்றிய கவிதைகளுக்குக் குறைவே இல்லை. அடுப்புப் புகையில் கரைந்த அம்மா, எல்லார்க்கும் இட்டுவிட்டுப் பட்டினி கிடந்த அம்மா. கேட்டவுடன் கண் கலங்குகிறது, கைதட்டுகிறோம். அந்த மகன் அப்போது எங்கே இருந்தான் என்று எவரும் கேட்பதில்லை. தியாகம் என்று பாடிவிட்டால் பங்கு கேட்க வழியின்றிப் போகிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பாக வந்தபோது அச்சமையலறைக்குள் நுழைந்து பார்த்தது உரைநடைதான். கவிதையில் பெண்கவிஞர்கள் பின்னர் அப்பணியைத் தொடர்ந்தார்கள். ஆண்கவிஞர்கள் இன்னும் வாசலிலேயே நின்று அம்மாவை வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு விண்ணப்பம். வட்டத்தின் அடுத்த கவியரங்கில் 'சிற்றில்' என்னும் தலைப்பைக் கொடுங்கள். பாடுவோர் ஆடவராக இருக்கட்டும். இடித்த கதையை முன்னோர் பாடிவிட்டார்கள்; கட்டிய கதை இருந்தால் பாடுங்கள். இன்னொன்று, இன்று மதிய உணவு ஏற்பாடு மகளிர் அணியினுடையது என்று அழைப்பிதழில் கண்டேன். பந்தி முடிந்ததும் இலை எடுக்கும் பணிக்கு அழைப்பிதழில் எவர் பெயரும் இல்லை. கவிஞர் பெருமக்கள் எவரேனும் முன்வருவார்கள் என்று எதிர்பார்த்து அமர்கிறேன்.