கிணற்று நீரும் உடம்பின் வாயில்களும்



சட்டம் படித்த நமக்கு உடற்கூற்று நூலில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடுவது. நாம் குடிப்பதும், குளிப்பதும், வெங்காயத்துக்கு இறைப்பதும் ஒரே நிலத்தடி நீரைத்தான். அந்நீரிற் கரைந்திருப்பது எதுவோ அது நம் உடம்புக்குள் வருகிறது. வந்தது தங்குமா, போகுமா என்பதை அறியாமல் நீருரிமை பேசுவது, உறுதியைப் பாராமற் காணி வழக்குப் பேசுவதை ஒக்கும்.

நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்; இரசாயன நூலார் அதனைக் கல்சியங் காபனேற்று என்பர். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி அக்கல்லைக் கரைக்கிறது. கொதிக்கவைத்தால் அது மீண்டும் கல்லாகிக் கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறது. கல்சியமும் இரும்பைப்போல ஓர் உலோகமே. “கேத்திலிற் படிவதுதான் சிறுநீரகத்திலும் கல்லாகிறது” என்று நம்மூரிற் சொல்வதுண்டு. அவ்வளவு நேரான கதையன்று அது. சிறுநீரகக் கற்களிற் பெரும்பாலானவை காபனேற்று அல்ல, கல்சியம் ஒட்சலேற்று. கீரை முதலியவற்றிலுள்ள ஒட்சலேற்று உணவோடு வரும் கல்சியத்தைக் குடலிலேயே சந்தித்தால் இரண்டும் பிணைந்து மலத்தோடு போய்விடும். வெயிலில் நின்று வேர்த்துக்கொட்டி, போதிய தண்ணீர் குடியாதவனது சிறுநீர் தடித்துப்போகும்போதே கல் எளிதில் உண்டாகிறது. தண்ணீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் இதனைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

வளர்ந்த மனிதனது உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கல்சியம் உண்டு. நூற்றில் 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. உண்ணும் கல்சியத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே குடல் ஏற்கும்; ஏற்பதற்கு வெயிலினால் உண்டாகும் விற்றமின் டி துணைபுரியும். சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் கல்சியத்தை வடித்து, மிகச் சிறு பகுதியை மாத்திரம் சிறுநீரில் விட்டு, மிகுதியை இரத்தத்துக்குத் திருப்பிவிடுகிறது. இந்த உலோகத்துக்கு வாயிற்காவலும் உண்டு, வெளியேறும் வழியும் உண்டு.

இரும்பின் கதை வேறு. வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பு இரும்பொட்சைட்டின் சிவப்பே. இரும்பின் மீதே நடந்து திரியும் நம் பெண்களுக்குச் சோகை வருவானேன்? மண்ணிலுள்ள இரும்பு துருவின் நிலையிலுள்ளது. அது எளிதிற் கரையாது; கரையாததைக் குடல் ஏற்காது. உணவிலுள்ள இரும்பையும் தேசிப்புளியும் நெல்லிக்காயும் உள்ளே சேர்க்கும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் தடுக்கும். உள்ளே வந்த இரும்பை வெளியேற்றுவதற்கென்று உடம்பில் ஒரு வழியுமில்லை. உதிரும் கலங்களோடு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவே போகும். பெண்களுக்கு மாதவிலக்கோடு இன்னும் சிறிது போகும். ஆதலால் எவ்வளவை உள்ளே விடலாம் என்பதை ஈரல் சுரக்கும் ஒரு பொருள் குடலின் வாயிலிலேயே மட்டுப்படுத்துகிறது. விட்டபின் துரத்த முடியாது என்பது உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

உலோகம் எது என்பது மாத்திரம் போதாது. அது எந்தச் சேர்க்கையில் வருகிறது என்பதும் வேண்டும். வயிற்றை எக்ஸ்ரே படம் பிடிக்குமுன் வைத்தியர்கள் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைக் கூழ் பேரியம் சல்பேற்று. அது கரையாது, வந்தபடியே போய்விடும். பேரியம் காபனேற்றோ வயிற்றமிலத்திற் கரைந்து இரத்தத்திற் கலக்கும். அது எலிப்பாஷாணம். ஒரே உலோகந்தான், ஒன்று பரிசோதனைக்கு உதவுவது, மற்றது ஆளைக் கொல்வது.

இனி, வேடமிட்டு வருவோரைப் பார்ப்போம். ஈயம் கல்சியத்துக்கும் இரும்புக்கும் திறந்த வாயில்களாலேயே நுழைகிறது. வளர்ந்தவர் குடல் பத்தில் ஒரு பங்கை ஏற்றால், குழந்தையின் குடல் பாதிவரை ஏற்கும். வெறுவயிற்றிலும், கல்சியமும் இரும்பும் குறைந்த உடம்பிலும் இன்னும் மிகுதியாக ஏறும். அதாவது வறியவர் வீட்டுப் பிள்ளைக்கே முதற் கேடு. ஏறிய ஈயம் எலும்பிற் பல பத்தாண்டுகள் குடியிருந்து, தாய் கருவுற்றிருக்கும் காலத்தில் கல்சியத்தோடு கூடக் கரைந்து கருவிலுள்ள சிசுவையும் அடைகிறது.

கட்மியம் அதனினும் பொல்லாதது. குடல் ஏற்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. ஆயினும் ஏற்றது சிறுநீரகத்திற் போய் ஒதுங்கும். அதிற் பாதி வெளியேறுவதற்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது? பொசுபேற்றுப் பாறையில் இயற்கையாகவே கட்மியம் உண்டு. ஓரிடத்துப் பாறையிற் குறைவு, மற்றோரிடத்துப் பாறையில் மிகுதி. அப்பாறையிலிருந்து செய்த பசளையோடு அது தோட்டத்துக்கு வருகிறது. சுண்ணாம்பு கலந்த மண் அதனை ஓரளவு பிடித்து வைக்கும் என்பது நமக்குள்ள நற்பேறு. அமிலமண் எளிதில் விட்டுவிடும். ஆனால் நாம் பெயர்பெற்ற புகையிலைச் செடி கட்மியத்தை இலையிற் சேர்ப்பதில் வல்லது. குடலைப்போல நுரையீரல் அதனைத் தடுப்பதில்லை; பன்மடங்கு ஏற்கும். சுருட்டுப் பிடிக்கும் ஐயாமார் கோபிக்கவேண்டாம், சொல்லவேண்டியதைச் சொன்னோம்.

யப்பானில் தோயாமாப் பகுதியில் ஜின்சு ஆற்றின் மேற்பக்கத்திலிருந்த மிட்சுயி கம்பனியின் கமியோக்காச் சுரங்கத்திலிருந்து கட்மியம் ஆற்றில் விழுந்து வயல்களிற் பாய்ந்தது. அந்த நெல்லை உண்ட கமக்காரப் பெண்களின் சிறுநீரகம் கெட்டது. எலும்பு முருங்கைக் கொப்புப்போல முறிந்தது. அவர்கள் முனகிய முனகலே நோயின் பெயராயிற்று: “இத்தாய், இத்தாய்” என்பர். நம் மொழியில் “நோகுது, நோகுது” என்பதே அது. கட்மியமே காரணம் என்று 1968 இல் அந்நாட்டு அரசாங்கம் ஏற்றது. 1971 இல் தோயாமா நீதிமன்றத்திலும், 1972 இல் மேன்முறையீட்டிலும் மக்களே வென்றனர். உடம்புக்குள் அந்த உலோகம் சென்ற ஒவ்வொரு படியையும் நோயாளி நிறுவவேண்டியதில்லை, ஊரில் நோய் பரவிய விதமே போதிய சான்றாகும் என்று நீதிமன்றம் கொண்டது. நியாயவாதிகள் இந்தத் தீர்ப்பை ஊன்றிப் படிக்கவேண்டும். ஆனால் வென்ற பெண்களின் எலும்பைத் தீர்ப்பு திருப்பிக் கொடுக்கவில்லை.

சுன்னாகத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அது உலோக வழக்கன்று, எண்ணெய் வழக்கு. மின்னிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தது தொடர்பாக 2019 ஏப்பிரலில் இலங்கை உயர் நீதிமன்றம் நோர்தேன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டுமென்று பணித்தது. மின்னிலையத்து நிலத்தில் ஊற்றியது அயலார் கிணற்றில் எப்படி வந்தது? சுண்ணாம்புக்கல் பொந்தும் வெடிப்பும் உள்ள கல். மேலே விட்டதை வடிகட்டாமற் கீழே அனுப்பிவிடும். நைத்திரேற்று அவ்வழியாலேயே நம் கிணறுகளுக்கு வந்திருக்கிறது. எண்ணெயாவது மணத்தாலும் மினுக்கத்தாலும் தன்னைக் காட்டிக்கொடுத்தது. கட்மியத்துக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, சுவையுமில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடுவதே மிச்சம்.

வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோயைப் பற்றியும் கேட்பீர்கள். 2013 இல் வெளியான, உலக சுகாதார தாபனத்தின் துணையோடு நடந்த ஆய்வு கட்மியத்தின்மீது சந்தேகம் கொண்டது. வேறு அறிஞர் மறுத்தனர். நீரின் கடினத்தையும் சிலர் குறைகூறினர். அப்படியாயின் கடின நீரையே குடிக்கும் நம்மிடையே அந்நோய் அவ்வளவிற் பரவாதது ஏன் என்று மற்றவர் கேட்டனர். வாதம் முடியவில்லை. அது முடியும்வரை கிணற்றைச் சோதியாமல் இருப்பதற்கு அது ஒரு நியாயமாகாது.

நாம் கேட்கப்போவது பெரிய காரியமன்று. பொசுபேற்றுப் பசளை மூட்டை ஒவ்வொன்றிலும் கட்மியத்தின் அளவைத் தமிழில் அச்சிடவேண்டும். குடிநீர்க் கிணறுகளை மாரிக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் நைத்திரேற்றுக்காக மாத்திரமன்றி ஈயத்துக்கும் கட்மியத்துக்குமாகச் சோதித்து, முடிவைப் பிரதேச சபை வாசலில் ஒட்டவேண்டும். கோப்புக்குள் வைத்துக் கட்டிவிடும் முடிவு நமக்கு வேண்டாம்.

அதற்கு உங்களிடம் வேண்டுவது ஒன்று. உங்கள் வட்டாரத்தில் எந்தக் கிணறு குடிக்க, எந்தக் கிணறு இறைக்க, தோட்டத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே எத்தனை முழம், என்ன பசளை எத்தனை அந்தர் போடுகிறீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மனுவை நாம் எழுதுகிறோம்.