தலைநகரின் பெயர் தாங்கிய அணி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



விழா மேடைகளில் வென்றோரைப் போற்றுதலே வழக்கம். நாம் இன்று தோற்ற ஓர் அணியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறோம். எட்டு அணிகள் மோதிய போட்டியில் எட்டாவதாக நின்ற அணி அது. டெல்லி எஸ்.ஜி. பைப்பர்ஸ் என்பது அதன் பெயர். ஹாக்கி எனும் வளைகோற் பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டோர் அதில் ஆடினர். 2024 டிசம்பர் 28 முதல் 2025 பிப்ரவரி 1 வரை நடைபெற்ற ஹாக்கி இந்தியா லீக் அதன் முதற்பருவம்.

தில்லிக்கு இதற்கு முன்னும் ஓர் அணி இருந்தது. 2013இல் லீக் தொடங்கியபோது சர்தார் சிங் தலைமையில் களமிறங்கிய வேவ்ரைடர்ஸ் அணி, அவ்வாண்டே இறுதியாட்டம் வரை சென்று ராஞ்சி ரைனோஸிடம் தோற்றது. மறு ஆண்டு கோப்பையையே வென்றது. இந்தியா கேட்டை அடுத்த தேசிய விளையாட்டரங்கு அதன் சொந்தக் களம். 1933இல் எழுந்து, 1951இல் முதல் ஆசிய விளையாட்டைக் கண்டு, 2002இல் தியான் சந்த் பெயரைப் பெற்ற அரங்கு அது. வேர்க்கடலைப் பொட்டலமும் கம்பளிப் போர்வையுமாக நம் குடும்பங்கள் அங்கே அமர்ந்து பார்த்ததுண்டு. 2017க்குப் பின் லீக் நின்றது, வேவ்ரைடர்ஸும் மறைந்தது.

ஏழாண்டுகள் கழித்து லீக் மீண்டும் உயிர்பெற்றபோது, 2024 அக்டோபரில் இதே தில்லியில் ஏலம் நடந்தது. ஆடவர் அணிக்கு 4 கோடி ரூபாய் வரம்பு, 24 ஆட்டக்காரர், அவருள் 8 பேர் அயல்நாட்டார். மனிதரை ஏலம் எடுத்தல் என்ற சொல் நம் செவிக்கு இன்றும் இனிக்கவில்லை. ஆயினும் உலக வழக்கு அவ்வாறாயிற்று.

அவ்வாறு கூடிய அணியைப் பாருங்கள். தலைவர் சம்ஷேர் சிங், பஞ்சாபின் எல்லையோர அட்டாரியிலிருந்து வந்தவர். ராஜ்குமார் பால், காசிப்பூர் மாவட்டத்துக் கரம்பூர்ச் சிற்றூரார். வழிநடத்த வந்த ஸ்ரீஜேஷ் கேரளத்தார். பயிற்சியாளர் கிரகாம் ரீட் ஆஸ்திரேலியர். 1980இல் மாஸ்கோவில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வென்ற பாரதம், பின்னர் 41 ஆண்டுகள் வெறுங்கையுடன் திரும்பி, 2021இல் டோக்கியோவில் வெண்கலம் பெற்றதே, அந்த அணியைப் பயிற்றுவித்தவர் அவரே. எங்கெங்கிருந்தோ பிழைப்பின் பொருட்டு வந்து தில்லியின் பெயரைத் தாங்கி நின்றோர் இவர்கள். நம் காலனியின் வீட்டுக் கதவுகளில் எழுதியுள்ள ஊர்ப் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இவர்கள் நமக்கு அயலாராகத் தோன்றார்.

முதல் ஆட்டம் ரூர்கேலாவில், கோனாசிகா அணிக்கு எதிராக. இருபுறமும் இரண்டு கோல். பிறகு ஷூட் அவுட். ஆட்டக்காரன் ஒருவன், காவலன் ஒருவன், எட்டே நொடி. அதில் தில்லி வென்றது. நம் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் எழுந்த ஆரவாரத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் எவரும் கவனிக்கவில்லை. அத்தொடக்கம் நிலைக்கவில்லை. ஜனவரி 12இல் ராஞ்சியில் மகளிர்க்கான முதல் லீக் தொடங்கியது. அங்கும் தில்லி மகளிர் முதல் ஆட்டத்திலேயே ஒடிசா வாரியர்ஸிடம் 0–4 என்று வீழ்ந்தனர்.

ஏன் இந்த நிலை? புகழுக்கும் திறமைக்கும் அங்கே குறைவில்லை. ஆனால் பந்து தன்னிடம் வருமுன்பே தோழன் எங்கே ஓடுவான் என்பதை அறிவதுதான் இவ்விளையாட்டின் உயிர். அவ்வறிவு நெடுநாள் கூடி ஆடினாலன்றி வாய்ப்பதில்லை. அக்டோபரில் ஏலம் எடுத்து டிசம்பரில் களமிறங்குவோர்க்கு அதற்குக் காலம் ஏது? எல்லா அணிக்கும் இதே இடர்தானே என்பீர்கள். உண்மைதான்; எவரேனும் ஒருவர் கடைசியில் நின்றாக வேண்டுமே!

நம்மை வருத்துவது வேறொன்று. அந்தப் பருவத்து ஆட்டங்கள் யாவும் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும் நடந்தன. தலைநகரின் பெயரைத் தாங்கியவர்கள் தலைநகர மக்களின் கைதட்டல் ஒன்றைக்கூடத் தம் மண்ணில் கேளாமலே தோற்றார்கள்.

அதே லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் அணியும் ஆடியது. கடைசி நான்கில் ஒன்றாகவும் வந்தது. நம்முள் பெரியோர் அனைவரும் அதன் பக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் காலனிச் சிறுவன் ஒருவன் மட்டும், “தாத்தா, அது உங்கள் ஊர் அணி. இது என் ஊர் அணி” என்று சொல்லிவிட்டு, தோற்கத் தோற்கப் பைப்பர்ஸுக்கே கைதட்டிக்கொண்டிருந்தான். தமிழ் வகுப்பில் ஒருநாளும் தவறாத பிள்ளை அவன். அவன் சொன்னபோது நமக்குச் சற்று வலித்தது என்பதை மறைப்பதற்கில்லை. அவனுக்கு விடை சொல்ல முயன்றோம், சொல்ல இயலவில்லை.

பிப்ரவரியில் அவன் வந்து மட்டை கேட்டான். சங்க நூலகத்தை அடுத்த அறையில் இப்போது பன்னிரண்டு மட்டைகள் உள்ளன. ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் பூங்காவில் கூடுகிறார்கள். சிறுமியர் மூவர் வருகிறார்கள். இன்னும் சிலர் வரலாம். முழங்காற் காப்புகள் போதவில்லை. மனமுள்ளோர் விழா முடிந்ததும் பொருளாளரைக் காண வேண்டுகிறோம்.