பாதை ஒன்று, நிலையங்கள் பல
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

2019 நவம்பரில் நம் நாட்டினர் பலர் டுவிட்டரை விடுத்து மாஸ்டடானில் சேர்ந்தனர். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரே உரிமையாளர் இல்லை. ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனியே இயங்குகின்றன. உரிமை மிகுதி; பிரிவும் மிகுதி. ஒருவர் எழுதுவது, அவரைப் பின்தொடர்வார் எவருமில்லாத சர்வரை எளிதில் எட்டுவதில்லை.

இரயில்வே ஊழியர் இதனை நன்கு உணர்வர். மீட்டர்கேஜும் பிராட்கேஜும் சந்தித்த நிலையங்களில் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. பாதைகளை ஒரே அகலமாக்கும் திட்டம் 1992இல் தொடங்கி, அத்தொல்லையைக் குறைத்தது. 2018இல் தரமாக ஏற்கப்பெற்ற ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையும் சர்வர்களுக்கு அத்தகைய பொதுப் பாதையே. ஆயினும் பாதை இருந்தால் போதுமா? வண்டி ஓட வேண்டாமா?

ஆதலின் மூன்று செயல்களை வேண்டுகிறேன். முதலாவது, பிற சர்வர்களிலுள்ள தமிழரைத் தேடிப் பின்தொடருங்கள். ஒருவர் பின்தொடர்ந்தாலே அவர் எழுத்து உங்கள் சர்வருக்கு வந்து சேரும். இரண்டாவது, ஒரு சிலர் செய்த தீங்குக்காகச் சர்வர் முழுவதையும் துண்டிக்காது, அவர்களை மட்டும் தடுக்குமாறு நிர்வாகிகளைக் கேளுங்கள். துண்டிப்பு குற்றமற்றோர் உறவையும் அறுத்துவிடும். மூன்றாவது, சர்வர் மூடப்படும் என்று அறிந்தால் அதற்கு முன்பே மாறுங்கள். அப்போது பின்தொடர்வோர் உடன்வருவர். பழைய பதிவுகள் வாரா. அவற்றைப் படியெடுத்து வையுங்கள்.

ஊர்விட்டு ஊர் வந்து சங்கம் கண்ட நமக்குச் சிதறியோரைச் சேர்ப்பது புதிய பணியன்று. இணையத்திலும் அதனைச் செய்வோம்.