தோற்றவன் ஊரை விட்டுப் போவதா?



சென்ற வாரம் இங்கு ஒரு வாலிபத் தோழர் என்னைப் பார்த்து, "அமெரிக்காவில் எலெக்‌ஷனில் தோற்ற கட்சிக்காரர்கள் தேசத்தை விட்டே போய்விடுவோம் என்கிறார்களே, அது மானமா, கோழைத்தனமா?" என்று கேட்டார். அன்று நேரமில்லை. தலைவர் அவர்கள் இன்று கொடுத்திருக்கும் தலைப்பு வேறானாலும், முதலில் அந்தக் கடனைத் தீர்த்துவிடுகிறேன்.

2016 நவம்பர் 8-ந் தேதி இரவு, டிரம்ப் ஜெயித்துவிடுவார் என்று தெரிய ஆரம்பித்ததும், கனடா சர்க்காரின் குடியேற்ற இலாகா வலைத்தளம் கூட்டம் தாங்காமல் நின்றே போயிற்று. 2004-ல் புஷ் மறுபடி ஜெயித்தபோதும் அந்த வாசலில் கூட்டந்தான். வைகுண்ட ஏகாதசியன்று சொர்க்கவாசலில் இடிபடுகிறார்களே, அப்படி! ஆனால் இந்தச் சொர்க்கவாசலில் நிற்கிற காவல்காரன் மார்க்குப் போடுகிறவன். 2015-ல் கொண்டுவந்த முறைப்படி வயதுக்கு, படிப்புக்கு, பாஷைக்கு, வேலை அனுபவத்துக்கு என்று தனித்தனி மார்க்கு. 20 முதல் 29 வயது வரை வயதுக்கு முழு மார்க்கு. 45 ஆனால் சைபர். எனக்கு வயதுக்குச் சைபர் வர அதிக நாளில்லை. பள்ளிப் படிப்புக்கு இப்பொழுதே சைபர்தான். (சிரிப்பு)

சிரிப்பது இருக்கட்டும். இதனால் போகக் கூடியவன் யார் என்று பாருங்கள். படித்தவன், வாலிபன், கையில் நாலு காசு உள்ளவன். புதிய ஆட்சியினால் அடிபடப் போகிற கூலிக்காரனும், நோயாளியும், வயதானவனும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். அவர்களுக்காகப் பேசத் தெரிந்தவன் மூட்டை கட்டிவிட்டால் அவர்கள் கதி என்ன? போனவனும் முழுக்கப் போய்விடுவதில்லை. எங்கே வசித்தாலும் அமெரிக்கப் பிரஜை வருஷா வருஷம் தன் தேசத்துக்கு வரிக்கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். அந்த 2016-ல் தேச முழுவதும் ஹிலாரிக்கே சுமார் 28 லட்சம் ஓட்டு அதிகம். அப்படியிருந்தும் அவர் தோற்றார். ஏனெனில் அங்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மாகாணவாரி எலெக்டர்கள். பென்சில்வேனியா, விஸ்கான்சின், மிச்சிகன் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சேர்த்து டிரம்புக்கு இருந்த வித்தியாசம் 78,000-க்கும் குறைவு. மிச்சிகனில் மட்டும் 10,704. நம்மூர்த் தேர்த்திருவிழாவில் இதைவிட அதிகம் பேர் கூடுகிறார்கள்! அத்தேர்தலில் ஓட்டுரிமையுள்ள நூறு பேரில் ஏறக்குறைய நாற்பது பேர் ஓட்டே போடவில்லை. அந்த நாற்பது பேர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவன் கனடாவில் வீடு தேடுவது என்ன புத்தி? வெளிநாட்டிலிருந்து தபாலில் ஓட்டனுப்ப 1986 முதல் சட்டமிருக்கிறது என்பீர்கள். ஓட்டைத் தபாலில் அனுப்பலாம், ஆளை அனுப்ப முடியுமா? போகாமல் இருந்தவர்கள் 2018-ல் பிரதிநிதிகள் சபையைத் திருப்பினார்கள்; 2020-ல் ஜனாதிபதியையே மாற்றினார்கள். 2024-ல் அவரே மறுபடி வந்தார் என்பதும் உண்மை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை.

போனவர்களையெல்லாம் நான் பழிக்கவும் இல்லை. 1850-ல் ஓடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கும் கடுஞ்சட்டம் வந்தபிறகு, ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் கனடாவுக்குத் தப்பினார்கள். அது உயிர் பிழைப்பது. ஓட்டு எண்ணிக்கையில் மனம் நொந்தவன் தன்னை அவர்களோடு சேர்த்துப் பேசுவது வெட்கக்கேடு.

போவதற்கு எவரையும்விட அதிக நியாயமுள்ளவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1816 டிசம்பரில், அடிமைகளை வைத்திருந்த பெரிய மனுஷர்களும் சேர்ந்து, சுதந்திரமடைந்த கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட ஒரு சங்கம் வைத்தார்கள். அடுத்த மாதமே பிலடெல்பியா நகரில் சுமார் 3,000 கறுப்பர்கள் தங்கள் மாதா கோயிலில் கூடினார்கள். அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் போர்ட்டன் கப்பல் பாய் செய்து பணக்காரரானவர். அவருக்கே போவது நல்லது என்ற எண்ணம். போக விரும்புகிறவர்கள் சொல்லுங்கள் என்றபோது ஒரு குரல் கூட எழவில்லை. வேண்டாம் என்பவர்கள் யார் என்றதும் சுவரே அதிரும்படி கத்தினார்கள். தெருவில் மரியாதையில்லை. ஆனாலும் இந்த மண் எங்கள் வேர்வையால் ஆனது, நாங்கள் ஏன் போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். போர்ட்டன் தம் எண்ணத்தை ஒதுக்கி வைத்துக் கூட்டத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டார்.

கேள்வி கேட்ட தோழர் பின் பெஞ்சில் இருக்கிறார் போலிருக்கிறது. மேலும் ஏதாவது கேட்க வேண்டுமானால் எழுந்து கேட்கலாம். பிறகு தலைவர் கொடுத்த தலைப்புக்கு வருகிறேன்.