உரிமை தந்த சட்டத்தில் தண்டனை எங்கே?

ரந்தாவ், லிங்கி, சிலியாவ், பகாவ் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்திருக்கும் தோழர்களே!

செம்பனைக் குலை அறுக்கும்போது தூசும் முள்ளும் கண்ணில் விழும் தொழில் நம்முடையது. பார்வை போனவர்கள், விரல் இழந்தவர்கள், இடுப்பு ஒடிந்தவர்கள் நம் லயங்களில் இல்லையா? அவர்களுக்கு உதவித்தொகை, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு, சேமநிதி எல்லாவற்றுக்கும் இன்று முக்கிய வாசல் அகப்பக்கம்தான். அந்த வாசல் அவர்களுக்குத் திறக்கிறதா?

திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் வசதி கைப்பேசியிலேயே இருக்கிறது. தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பொத்தானுக்குப் பெயர் எழுதாமல் வெறும் படத்தை ஒட்டி வைத்தால் அது எதை வாசிக்கும்? பாரத்தைப் படம்பிடித்து ஏற்றிவிட்டால் ஊமையாகத்தானே நிற்கும்?

"வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்கலாமே" என்கிறார்கள். அடையாள அட்டை எண்ணையும் கடவுச்சொல்லையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஒரு தொழிலாளி தன் சேமநிதியைப் பார்க்க வேண்டுமா? கண்ணுள்ளவரிடம் இப்படிச் சொல்லத் துணிவீர்களா?

நாம் சலுகை கேட்கவில்லை. 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது 685ஆவது சட்டம், தன் 30ஆவது பிரிவில் தகவலும் தொழில்நுட்பமும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்கும் உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறது. 2010இல் உடற்பேறு குறைந்தோர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் மலேசியா ஏற்றது. ஆனால் அந்த உரிமையை மீறுபவருக்கு அச்சட்டம் எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. போதாததற்கு 41ஆவது பிரிவு அரசாங்கத்தின் மீது வழக்குப் போடாதபடி கதவை அடைத்தது. பல் பிடுங்கிய பாம்புக்கு யார் பயப்படுவார்?

"செலவாகும், நாளாகும்" என்று சாக்குச் சொல்வார்கள். சிட்னி ஒலிம்பிக் ஏற்பாட்டாளர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்களின் அகப்பக்கத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று புரூஸ் மகுவாயர் என்ற பார்வையற்றவர் புகார் கொடுத்தார். மனித உரிமை ஆணையம் அந்தச் சாக்கைத் தள்ளி, 2000ஆம் ஆண்டில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் கட்ட வைத்தது. அங்கே சட்டத்துக்குப் பல் இருந்தது!

இந்தியாவைப் பாருங்கள். ஆசிட் வீச்சில் கண் சிதைந்த ஒரு பெண்ணிடம், வங்கிக் கணக்குத் திறக்க, இணையவழிச் சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். இணையச் சேவைகளை எட்டும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. அங்கே வழக்குப் போட வழி இருந்தது!

இங்கே நம் கோரிக்கை மூன்று. 41ஆவது பிரிவை நீக்குங்கள். அகப்பக்கங்கள் எல்லோருக்கும் எட்டுவதற்கான உலகத் தரத்தைச் சட்டமாக்கி, மீறினால் அபராதம் விதியுங்கள். சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பேரால் பாகுபாடு கூடாது என்னும் அரசியலமைப்பின் 8(2) விதியில் உடற்குறையையும் சேருங்கள்.

தோழர்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு எவர் தோட்டத்துக்குள் வந்தாலும் இந்த மூன்றையும் முன்வைத்துப் பதில் கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு ஓட்டுப் போடாதீர்கள்!