அந்நிய இலக்கத் தகடும் அடியார்களின் உரிமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என நமது வாவிக் கரையூர்களைச் சேர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கடல் கடந்து வாழ்கின்றனர். லண்டனில் குடியேறிய இளைஞர் ஒருவர் அடியேனிடம் ஒரு வினாத் தொடுத்தார். "மௌலவி, ஜெர்மனியில் வாங்கிய காரை இங்கே கொண்டுவந்து இரண்டு வருடமாகிறது. இன்னும் ஜெர்மனி இலக்கத் தகடுதான். இங்கே வரி கட்டவில்லை. கமராவில் அகப்பட்டாலும் தண்டக் கடிதம் வீடு தேடி வருவதில்லை. நான் எவருடைய பொருளையும் திருடவில்லையே, இது குற்றமா?"

சகோதரர்களே! முதலில் சட்டத்தை அறிந்துகொள்வோம். இலங்கையும் இணைந்துள்ள 1949 ஆம் ஆண்டின் ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, பிறநாட்டு வாகனத்துக்குச் சலுகை அளிக்கின்றது. ஆயினும், ஓராண்டுக்கு மேல் ஒரே நாட்டில் தொடர்ந்து தங்கிவிட்ட வாகனத்துக்கு அச்சலுகையை வழங்க வேண்டிய கடமை அந்நாட்டுக்கு இல்லை. பிரித்தானியாவிலோ, வருகையாளர் பொதுவாக 12 மாதங்களில் 6 மாதங்கள் வரையே அத்தகைய வாகனத்தைப் பயன்படுத்தலாம். அங்கு குடியிருப்பவர் அதைப் பதிவுசெய்து வரி செலுத்த வேண்டும். சலுகை விருந்தாளிக்கு உரியது; குடியிருப்பவருக்கு உரியதன்று.

விசா என்பது ஓர் உடன்பாடு. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் முஃமின்களைப் பணிக்கின்றது. அபயம் பெற்று ஒரு நாட்டினுள் நுழைந்தவர் அந்நாட்டாருக்கு மோசடி செய்தல் ஆகாது என்பது இமாம் ஷாஃபிஈ அவர்களின் தெளிவான நிலைப்பாடாகும்.

"எவருக்கு நட்டம்?" என்று கேட்கலாம். நமது வாவியையே பாருங்கள். மண்முனையில் 'பாதை' ஓடிய இடத்தில் 2014 இல் பாலம் எழுந்தது. கல்லடியில் 1924 ஆம் ஆண்டுப் பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் ஜப்பான் உதவியது. நாம் கண்டிராத ஜப்பானியத் தொழிலாளியின் வரிப்பணமும் அப்பாலங்களில் கலந்திருக்கின்றது. வீதி என்பது பலருடைய வியர்வை. அதில் ஓடிவிட்டுத் தன் பங்கை மறைப்பவர், அதைப் பிறர் தோளில் ஏற்றுகின்றார்.

விபத்து நேரின் நிலைமை இன்னும் கடுமையாகும். பதிவு முறையாக இல்லாதபோது காப்புறுதியும் கைவிடக்கூடும். பிரித்தானியாவில், காப்புறுதியற்ற வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கு 1946 இல் அமைக்கப்பட்ட மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் நட்டஈடு வழங்குகின்றது. அப்பணம் காப்புறுதி நிறுவனங்களிடமிருந்து, அதாவது ஒழுங்காகக் கட்டணம் செலுத்தும் சாரதிகளிடமிருந்தே திரட்டப்படுகின்றது. இது மனிதர்களின் உரிமை. உரியவர் மன்னிக்காதவரை அதன் பொறுப்பு நீங்காது.

வளைகுடாவில் சாரதிகளாகப் பணிபுரியும் சகோதரர்களே! சவூதியையும் பஹ்ரைனையும் இணைக்கும் மன்னர் ஃபஹ்து பாலம் 1986 இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். அதைக் கடக்குமுன், காப்புறுதி மறுகரையிலும் செல்லுபடியாகுமா, வாகன உரிமையாளரின் அனுமதி எழுத்தில் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தை நாம் அறிவோம். எனினும் பத்திரமின்றி ஓட்டி ஓர் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால், சிறையில் இருக்கப்போவது முதலாளியல்லர், நீங்களே.

பெற்றோர்களே! பிள்ளை காரின் முன் நிற்கும் படத்தை அனுப்பினால் "மாஷா அல்லாஹ்" என்று கூறுங்கள். அத்துடன், "மகனே, பதிவும் காப்புறுதியும் சரிதானே?" என்றும் வினவுங்கள்.

அந்த இளைஞருக்கு அடியேன் கூறிய பதில் இதுதான்: "இன்றே பதிவு செய்யுங்கள். கடந்த காலத்துக்கு எவ்வளவு செலுத்த வேண்டுமென உரிய அலுவலகத்தில் கேட்டுச் செலுத்துங்கள். பிறர் உரிமையைத் திருப்பிக் கொடுப்பதும் தவ்பாவின் நிபந்தனையாகும்."

கமராவுக்கு உரிமையாளரின் முகவரி தெரியாதிருக்கலாம். அல்லாஹ்வோ அனைத்தையும் அறிந்தவன். அவன் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்.