வீட்டில் சலவைக்கு ஓர் இடம்



வீடு கட்டுவோர் பூசையறைக்கு இடம் குறிக்கின்றனர். சமையலறை எத்திசையில் அமைதல் வேண்டும் என்று நாள்கணக்கில் பேசுகின்றனர். விருந்தினர் அமரும் கூடத்திற்குச் செலவைப் பாராமல் தளம் பாவுகின்றனர். துணி துவைக்கும் இடத்தைப் பற்றி மட்டும் எவரும் பேசக் காணோம். கிணற்றடியிலோ, குளியலறை மூலையிலோ, அடுக்குமாடி வீடாயின் பின்புற மாடத்திலோ, எஞ்சிய இடம் எதுவோ அதுவே சலவைக்கு உரியதாகிவிடுகிறது. இதன் காரணத்தைக் காண்பது அரிதன்று. வீட்டைத் திட்டமிடுபவர் ஒருவர். துணி துவைப்பவர் வேறொருவர்.

பழங்காலத்தைச் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. ஊர்ப்புறங்களில் அழுக்குத் துணி வீட்டைவிட்டு வெளியே சென்றது. சலவைத் தொழிலாளர் அதனை மூட்டை கட்டிச் சென்று, உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, வெள்ளாவி வைத்து, நீர்த்துறையில் அடித்துத் துவைத்து, உலர்த்தி மீளக் கொணர்ந்தனர். அறுவடைக் காலத்தில் அவர்களுக்குச் சிறிது தானியம் அளக்கப்பட்டது. சென்னையில் வண்ணாரப்பேட்டை என்னும் பெயர், ஆங்கிலக் கம்பெனியார் காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்த மக்களால் ஏற்பட்டதாகும். தங்கள் ஆடையை வெண்மையாக்கியவர்களை ஊரார் தாழ்வாக நடத்தினர் என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்த முறை மறைந்தது நன்றே. ஆனால் வேலை மறையவில்லை. அது வீட்டிற்குள் வந்து, பெரும்பாலும் தாயின் கைகளில் தங்கிவிட்டது.

இடத்தை ஒழுங்கு செய்வது என்றால் அழகுபடுத்துவது என்று பொருள் கொள்ளற்க. வேலை எந்த வரிசையில் நடைபெறுகிறதோ அந்த வரிசையில் பொருள்களை அமைப்பதே ஒழுங்கு. துணி பிரிக்கப்படுகிறது, ஊறுகிறது, துவைக்கப்படுகிறது, அலசப்படுகிறது, உலர்கிறது, மடிக்கப்படுகிறது. சோப்பு சமையலறையிலும், வாளி குளியலறையிலும், கவ்விகள் மாடியிலும் இருக்குமாயின், அவை இருக்கும் இடங்களை அறிந்தவர் வீட்டில் ஒருவரே. அறிந்தவரே செய்யவேண்டியதாகிறது. எல்லாம் முறையாக ஓரிடத்தில் அமைந்துவிட்டால், பன்னிரண்டு வயதுச் சிறுவனும் எவரையும் வினவாமல் அவ்வேலையைச் செய்து முடிப்பான். பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். புட்டி எங்கே என்று நீங்கள் ஆசிரியரை நாள்தோறும் கேட்பதில்லை அல்லவா?

முதலில் அழுக்குத் துணிக்குக் கூடைகள் வேண்டும். வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்திற்கு ஒன்று, சேறும் எண்ணெயும் படிந்தவற்றிற்கு ஒன்று. பிரம்பாலோ, துளையுள்ள பிளாஸ்டிக்காலோ ஆனவை ஏற்றவை. காற்றுப் புகாத இடத்தில் ஈரத் துணியைக் குவித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அக்கறை எளிதில் நீங்காது. விளையாடிவிட்டு வரும் மாணவர்கள் வியர்வையில் நனைந்த சட்டையை முதலில் கொடியில் உலர்த்திப் பின்னரே கூடையில் இடுதல் நன்று. சட்டைப் பையில் உள்ளவற்றை எடுத்துப் போட அருகில் ஒரு சிறு கிண்ணம் இருக்கட்டும்.

அடுத்தது துவைகல். இதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். பல வீடுகளில் கல் தரையோடு தரையாகக் கிடக்கிறது. துவைப்பவர் குனிந்து, நனைந்த போர்வையைத் தூக்கி அடித்து, மீண்டும் குனிகிறார். பருத்தித் துணி தன் எடையைவிட மிகுதியான நீரைத் தாங்கவல்லது. அந்த எடை முழுவதையும், வளைந்த முதுகு மீண்டும் மீண்டும் தாங்குகிறது. பல ஆண்டுகள் இவ்வாறு செய்தவருக்கு இடுப்புவலி வந்தால் அதை முதுமையின் பயன் என்கிறோம்! கல்லின் மேல்மட்டம் நின்று துவைப்பவரின் இடுப்புக்குச் சற்றுக் கீழே வருமாறு ஒரு மேடை கட்டினால் போதும்; முதுகு நிமிர்ந்தே இருக்கும். செங்கல்லும் சிமெண்டும் ஒரு கொத்தனாரின் ஒருநாள் வேலையுமே இதற்குச் செலவு. யாருடைய இடுப்பு உயரம் என்று கேட்பீர்களாயின், மிகுதியாகத் துவைப்பவருடையது என்பேன். மேடையைச் சுற்றியுள்ள தரை சொரசொரப்பாகவும், நீர் தேங்காமல் வடிகாலை நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். வழவழப்பான ஓடுகளில் சோப்புநீர் பட்டால் முதியோர் வழுக்கி விழுவர்.

நீரைப் பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் குறை கூறக் கேட்டிருப்பீர்கள். அந்நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத படிவாகின்றன. வெள்ளைத் துணி பழுப்பேறுவதற்கு அதுவும் ஒரு காரணம். சலவைத் தூள்கள் இத்தகைய படிவை உண்டாக்குவதில்லை. எனவே கடினநீருக்கு அவை ஏற்றவை. தேக்கிவைக்கும் தொட்டிக்கு மூடி அவசியம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையை நாடாமல் இத்தகைய தெளிந்த நீரையே நாடுகிறது. அதன் முட்டைகள் தொட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் பல மாதங்கள் அழியாமல் இருக்கும். ஆதலால் வாரம் ஒருமுறை நீரை இறைத்துவிட்டால் போதாது. பக்கங்களைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

சலவைப் பொருள்களுக்கு, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தட்டு அமைத்திடுக. வெளுப்புத் தூளையும், கழிப்பறை கழுவும் அமிலத்தையும் அருகருகே வைத்தல் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரலில் பெல்ஜிய நாட்டு ஈப்ர நகரை அடுத்த போர்க்களத்தில் ஜெர்மானியப் படை ஏவிய நச்சுவாயு அதுவே.

இன்று சலவை இயந்திரம் பல வீடுகளில் உள்ளது. சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010ஆம் ஆண்டில் ஆற்றிய உரையொன்றில், தம் வீட்டிற்கு முதல் இயந்திரம் வந்த நாளைப் பற்றிக் கூறினார். விறகு எரித்து நீர் காய்ச்சி, ஏழு பிள்ளைகளின் துணியைக் கையால் துவைத்த அவருடைய பாட்டியார், தாமே பொத்தானை அழுத்திவிட்டு, அது சுழல்வதை இறுதிவரை பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தாராம். தாயாரோ, மகனை அழைத்துக்கொண்டு நூலகத்திற்குப் புறப்பட்டார். மிஞ்சிய நேரம் நூல்களுக்குச் சென்றது. ஆயினும் பிரிப்பதையும், உலர்த்துவதையும், மடிப்பதையும் அந்த இயந்திரம் செய்வதில்லை என்பதை மறவாதீர்கள்.

இயந்திரத்தை நீர் தெறிக்காத இடத்தில், நான்கு கால்களும் சமமாக ஊன்றுமாறு நிறுத்துக. நீரைச் சூடாக்கும் வகை இயந்திரம் மிகுந்த மின்னோட்டத்தைக் கொள்வதால், அதற்குத் தனியான 16 ஆம்பியர் இணைப்பு நன்று. நில இணைப்பு உண்மையில் உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். மூன்றாவது துளை சுவரில் இருப்பதனாலேயே அதன் பின்னே கம்பி இருக்கும் என்று எண்ணிவிடலாகாது.

துணி காயும் கொடியோ உயிரைப் பற்றியது. இரும்புக் கம்பியைக் கொடியாகக் கட்டுவது நம் வழக்கம். மழைக்காலத்தில், உறை தேய்ந்த மின்கம்பி ஒன்று அதன்மேல் உராய்ந்தால், கொடி முழுவதும் மின்சாரம் பாய்கிறது. ஈரக்கையோடும் வெறுங்காலோடும் துணியை எடுக்கச் சென்ற பெண் மாண்டாள், காப்பாற்ற ஓடியவரும் மாண்டார் என்னும் செய்தியை நாளிதழ்களில் நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். இன்று மாலையே உங்கள் வீட்டுக் கொடியைச் சென்று பாருங்கள். கம்பியாயின் அவிழ்த்துவிட்டு, நைலான் கயிறு கட்டுங்கள். மின்கம்பத்திலோ, மின்கம்பி செல்லும் குழாயிலோ எந்தக் கயிற்றையும் கட்டாதீர்கள். நனைந்த கயிற்றிலும் மின்சாரம் பாயக்கூடும்.

வண்ணத் துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி உலர்த்தினால் சாயம் வெளுக்காது. மழைநாளில் வீட்டினுள் உலர்த்தும்போது துணிகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, சன்னலைத் திறந்து வைத்திடுக.

இறுதியாக, மடிப்பதற்கு ஒரு பலகை வேண்டும். அதுவும் இடுப்பளவு உயரம். இல்லையேல் உலர்ந்த துணி நாற்காலியில் குவிந்து, கசங்கி, தேடுவார் கையில் மீண்டும் அழுக்காகும். பலகையின்மேல் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு தட்டு இருந்தால் அவரவர் துணியை அவரவரே எடுத்துச் செல்வர். ஊசியும் நூலும் சில பித்தான்களும் அங்கேயே ஒரு சிறு டப்பாவில் இருக்கட்டும். அறுந்த பித்தானை மடிக்கும்போதே தைத்துவிடலாம். இஸ்திரி போடுவதாயின் பருத்தித் துணியைச் சிறிது ஈரம் இருக்கும்போதே எடுத்து, ஒரு வாரத்துக்குரியதை ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். பெட்டியை நாள்தோறும் புதிதாகச் சூடேற்றும் மின்சாரம் மிஞ்சும்.